யூனிஸ் அம்மையாரின் கண்ணாடிக் குழாய்கள்

மாசி, பங்குனி மாதத்து இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். வானம் நிர்மலமாக, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற இரவானால், நடுநிசிக்கு மேல் உடம்பு லேசாகச் சிலிர்க்கும். "அந்தப் போர்வையை இப்படிக் கொடு" என்று கேட்கத் தோன்றும். அதே மாடியில், மேகம் மூடிக்கொண்ட இரவில் படுத்துப் பாருங்கள். விடிய விடிய விசிறியைக் கீழே வைக்க முடியாது. இரண்டு நாளும் பகலில் அடித்த வெயில் என்னவோ ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள். "மேகம் போர்வை போர்த்தின மாதிரி மூடிக்கொண்டு நிற்கிறது. சூடு எப்படியடி வெளியே போகும்?" என்பாள். பாட்டி சொல்வது முற்றிலும் சரி. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்!

ஆனால், மேகமே இல்லாத இரவிலும் பூமிக்கு மேலே ஒரு போர்வை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது. அந்தப் போர்வை எந்த நூலால் நெய்யப்பட்டது என்பதைச் சூரிய வெளிச்சத்தில் வைத்து முதன்முதலில் சோதித்துச் சொன்னவர் ஒரு குடும்பத் தலைவி. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். சொன்னது 1856-ஆம் வருஷத்தில். அதன் பிறகு உலகம் அவரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மறந்தே போய்விட்டது.

அந்த அம்மையாரின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இரண்டு குழாய்கள், நாலு உஷ்ணமானிகள்

அவர் பெயர் யூனிஸ் நியூட்டன் ஃபூட். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1819-ல் பிறந்து, நியூயார்க் மாநிலத்தில் வளர்ந்தவர். தகப்பனாரின் பெயர் என்ன தெரியுமா? ஐஸக் நியூட்டன்! ஆப்பிள் விழுந்ததைப் பார்த்த அந்த நியூட்டன் அல்ல. இவர் ஒரு விவசாயி. பெயர்ப் பொருத்தம் வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பெண்களுக்கு உயர்ந்த படிப்பு என்றால் தையலும் பியானோவும்தான். யூனிஸ் படித்தது டிராய் என்ற ஊரில் எம்மா வில்லார்ட் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில். அங்கே பெண்களுக்கும் விஞ்ஞானம் கற்றுக் கொடுத்தார்கள். படித்த படிப்பு கல்யாணத்துக்குப் பிறகும் அவரை விடவில்லை.

அவர் செய்த பரிசோதனையை நீங்களும் நானும் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் சுமார் 4 அங்குல அகலம், 30 அங்குல நீளம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டிரண்டு உஷ்ணமானிகளை வைத்தார். காற்றை உள்ளே அடைக்கவும் வெளியே இழுக்கவும் ஒரு பம்பு. இவ்வளவுதான் சாமான்கள். இரண்டு குழாய்களையும் முதலில் நிழலில் வைத்துச் சம உஷ்ணத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்தார். சற்று நேரத்துக்கு ஒரு முறை உஷ்ணமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நாம் வடாம் காய வைத்து விட்டு அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி!

ஒரு குழாயில் காற்றைக் குறைத்து, மற்றதில் நிறைத்துப் பார்த்தார். காற்று அதிகமாக இருந்த குழாயே அதிகம் சூடாயிற்று. ஒன்றில் உலர்ந்த காற்று, மற்றதில் ஈரக் காற்று என்று வைத்தார். ஈரக் காற்றுக்கு அதிகச் சூடு. பிறகு வாயுக்களை மாற்றி மாற்றி நிரப்பினார். ஹைட்ரஜன் இருந்த குழாய் 104 டிகிரி பாரன்ஹீட் காட்டிற்று. சாதாரணக் காற்று 106. பிராணவாயு 108. கரியமில வாயு நிரப்பிய குழாயோ 125 டிகிரிக்குப் போய் நின்றது! நம் கணக்கில் சொன்னால், சாதாரணக் காற்று 41 டிகிரி செல்ஷியஸில் நின்றபோது, கரியமில வாயு 52 டிகிரியை எட்டிவிட்டது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கரியமில வாயு இருந்த குழாயை வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அதன் சூடு லேசில் தணியவில்லை. மற்றக் குழாய் ஆறுவதற்கு ஆன நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் பிடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருவோம்.

வேறு ஒருவராக இருந்தால் எண்களைக் குறித்து வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். யூனிஸ் அம்மையார் குழாயிலிருந்து தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்தார். பூமியின் சரித்திரத்தில் எப்போதாவது இந்த வாயு காற்றில் இப்போதையவிட அதிகமாகக் கலந்திருந்தால், அப்போது பூமி இப்போதையவிடச் சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார்.

சபையில் படித்தது யார்?

1856 ஆகஸ்டு 23-ந் தேதி. நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியில் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாடு. யூனிஸ் அம்மையாரின் கட்டுரை சபையில் படிக்கப்பட்டது. ஆனால் அவர் படிக்கவில்லை. ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் தலைவரான ஜோஸப் ஹென்றி எழுந்து படித்தார். நல்ல மனிதர். விஞ்ஞானத்துக்கு நாடு என்று ஒன்று இல்லை, ஆண் பெண் என்ற பேதமும் இல்லை என்று பீடிகை போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். பேதம் இல்லைதான், ஆனாலும் எழுதியவர் வாயால் படிக்கக் கேட்கும் பாக்கியம் சபைக்குக் கிடைக்கவில்லை!

கட்டுரை அந்த வருஷம் நவம்பரில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. மொத்தம் இரண்டே பக்கம். 'ஸயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகை அம்மையாரைப் பாராட்டி எழுதிற்று. சங்கத்தின் வருஷாந்தர மலரில் மட்டும் அந்தக் கட்டுரையைச் சேர்க்கவில்லை. பாராட்டு ஓய்ந்தது, கட்டுரை அலமாரிக்குப் போயிற்று.

இந்த அம்மையார் கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1848-ல் செனிகா பால்ஸ் என்ற சிற்றூரில் பெண்கள் உரிமைக்காக ஒரு மகாநாடு கூடிற்று. பெண்ணுக்கும் ஓட்டு வேண்டும் என்று முழங்கிய அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் நூறு பேர். அவர்களில் யூனிஸ் அம்மையாரும் ஒருவர். ஆண்களின் பட்டியலில் அவருடைய கணவர் எலைஷா ஃபூட்டின் கையெழுத்தும் இருக்கிறது. வக்கீலான எலைஷாவுக்கும் விஞ்ஞானத்தில் ஆசை உண்டு. மனைவியின் கட்டுரை வந்த அதே இதழில் அவருடைய கட்டுரையும் வந்தது. எப்படிப்பட்ட குடும்பம், பார்த்தீர்களா!

பிற்பாடு, நடக்கும்போது 'கிறீச், கிறீச்' என்று சத்தம் போடாத பூட்ஸ் அடித்தோலுக்கு 1860-ல் அம்மையார் பேடன்ட் வாங்கினார். பெண்கள் இருவரும் எழுத்தாளர்கள் ஆனார்கள். மேரி, அகஸ்டா இருவருமே ஆளுக்கொரு சமையல் புத்தகம் எழுதினார்கள். அகஸ்டா கடற்கரை ஜீவராசிகளைப் பற்றியும் ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். அடுப்பங்கரையும் ஆராய்ச்சியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன.

இந்துப்பு செய்த உதவி

யூனிஸ் அம்மையாரின் பரிசோதனை ஒரு கேள்வியைப் பாக்கி வைத்தது. அவருடைய குழாய்களில் விழுந்தது நேர் வெயில். ஆனால் மாடியில் படுத்திருக்கும்போது நமக்குத் தேவையான விடை வேறு. இரவில் வெயில் ஏது? பகலில் சூடேறிய தரை, இரவில் திருப்பி அனுப்புகிறதே, அந்த உஷ்ணத்தைத் தடுப்பது எது?

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அதைத் தொடாமல் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். சுரீர் என்று தெரியும். பெட்டியிலிருந்து வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனால் ஏதோ ஒன்று வந்து கையில் படுகிறது. அதுதான் கண்ணுக்குத் தெரியாத உஷ்ணக் கதிர். பூமியும் இப்படித்தான் இரவும் பகலும் ஆகாயத்தை நோக்கி உஷ்ணக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது.

1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி இதைச் சோதிக்க முனைந்தார். அவருக்கு ஒரு சங்கடம். கண்ணாடி வெளிச்சத்தை விடும். உஷ்ணக் கதிரை விடாது. கண்ணாடியால் மூடிய குழாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போது அவருக்குக் கைகொடுத்தது உப்பு! நாம் மருந்துக்கும் சமையலுக்கும் வாங்குகிறோமே இந்துப்பு, அந்த ஜாதிக் கல் உப்பை வழவழவென்று பலகை போலத் தேய்த்து, பித்தளைக் குழாயின் இரண்டு முனைகளிலும் ஜன்னலாகப் பொருத்தினார். உப்பு உஷ்ணக் கதிர்களைத் தாராளமாக உள்ளே விடும்.

குழாயில் பிராணவாயுவை நிரப்பினார், நைட்ரஜனை நிரப்பினார். உஷ்ணக் கதிர்கள் எதிர்ப்பே இல்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டன. நீராவியையும் கரியமில வாயுவையும் விட்டுப் பார்த்தார். கதிர்களில் ஒரு பங்கைக் காணோம்! வாயு அவற்றை விழுங்கிவிட்டது. போர்வையின் நூல் எது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

விழுங்கிய உஷ்ணம் என்ன ஆகிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. இரண்டிலும் ஒரே மாதிரியான அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கின்றன. உஷ்ணக் கதிர் வந்து தள்ளினால் அவை அசைவதில்லை. கரியமில வாயுவோ மூன்று அணுக்கள் கோத்தது: நடுவில் ஒரு கரி, இரு பக்கமும் பிராணவாயு. ஊஞ்சலில் குழந்தையை வைத்துச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படி எழும்புகிறது! அது போல, தனக்கேற்ற உஷ்ணக் கதிர் வந்து பட்டதும் இந்த மூவணுக் கூட்டம் வளைந்து ஆட ஆரம்பித்துவிடும். ஆடின சக்தியைப் பக்கத்துக் காற்றுக்குக் கொடுக்கும். அல்லது மறுபடி கதிராக வீசும். அப்படி வீசும்போது மேலே மட்டும் வீசுவதில்லை. நாலா பக்கமும் வீசுகிறது. கீழே வருகிற பங்கு பூமிக்கே திரும்புகிறது. ஆகாயத்துக்குப் போக வேண்டிய உஷ்ணம் பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறது.

போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டைத்தான் ஓடாமல் பிடித்து வைக்கிறது. இந்த வாயுக்களின் வேலையும் அதுதான்.

இது கெடுதல் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. இந்தப் போர்வை மட்டும் இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்ஷியஸ். கடலெல்லாம் உறைந்திருக்கும், கதை எழுத நானும் இல்லை, படிக்க நீங்களும் இல்லை. போர்வை இருப்பதால் சராசரி 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. போர்வையே இல்லாத சந்திரனில் பகலில் 120 டிகிரி கொதிக்கும்; இரவில் பூஜ்யத்துக்கும் கீழே 130 டிகிரி. சாயங்காலத்தில் அழகாக மின்னுகிறதே வெள்ளி கிரகம், அது இதற்கு நேர்விரோதம். அங்கே காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமில வாயுதான். ஈயம் உருகிவிடும் சூடு: சுமார் 465 டிகிரி! சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கிற புதன் கிரகத்தில்கூட அவ்வளவு சூடு கிடையாது.

பெருங்காயத்தின் அளவு

"நம் காற்றில் கரியமில வாயு எவ்வளவு?" என்று கேட்டால், பதில் சப்பென்று இருக்கும். பத்தாயிரம் பங்கில் நாலு பங்குதான். 'இத்துனூண்டு வாயுவா இவ்வளவு செய்யும்?' என்று சிலர் சிரிப்பார்கள். ஓர் அண்டா ரசத்துக்குப் பெருங்காயம் எவ்வளவு போடுகிறோம்? அதை இரண்டு மடங்காகப் போட்டுவிட்டு, "இத்துனூண்டுதானே!" என்று சொன்னால் இலையில் உட்கார்ந்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா?

காற்றில் இருக்கும் நீராவி இதைவிட அதிக உஷ்ணத்தைப் பிடிக்கிறது, வாஸ்தவம். ஆனால் நீராவி பத்து நாள் விருந்தாளி. மழையாகக் கீழே இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி அல்ல. 'நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன்' என்று வந்து, பேரன் பேத்திகள் காலம் வரை தங்கிவிடுகிற உறவினர் அது. அதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் காற்றிலேயே இருக்கும். போதாக்குறைக்கு, அது காற்றைச் சூடாக்கினால், சூடான காற்று அதிக நீராவியை ஏந்திக்கொள்கிறது. ஒரு டிகிரி ஏறினால் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். ஒரு போர்வை இன்னொரு போர்வையையும் அழைத்து வருகிறது.

ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1896-ல் பென்ஸிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்று கண்டார். இன்றைய விஞ்ஞானிகள் சொல்வது சுமார் 3 டிகிரி. பென்ஸில் கணக்குக்கு இது மோசம் என்று சொல்ல முடியாது. குளிரில் நடுங்கும் நாட்டுக்காரரானதால், பூமி கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்று அவருக்குத் தோன்றிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றும் நினைத்தார்.

1958 மார்ச்சில், ஹவாய்த் தீவில் மௌன லோவா என்ற எரிமலைச் சரிவில், நகரங்களின் புகை எட்டாத உயரத்தில், சார்லஸ் டேவிட் கீலிங் என்பவர் காற்றை அளக்க ஆரம்பித்தார். பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு கரியமில வாயு இருந்தது. வசந்தத்தில் மரங்கள் துளிர்த்ததும் அது குறைந்தது, இலையுதிர்ந்ததும் கூடிற்று. பூமி மூச்சு விடுவதை ஒரு கருவி காகிதத்தில் வரைந்து காட்டியது! ஆனால் ஒவ்வொரு வருஷமும் கோடு சற்று மேலேயே ஏறிக்கொண்டு போயிற்று. 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது. நீராவி யந்திரங்களும் ஆலைகளும் பெருகுவதற்கு முன் இருந்தது 280. தென்துருவப் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட பழைய காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், அதற்கு முந்தைய எட்டு லட்சம் வருஷங்களில் ஒரு தடவைகூட அது 300-ஐத் தாண்டியதில்லை என்று தெரிகிறது.

இவ்வளவு எங்கிருந்து வந்தது? நம் வீட்டுச் சமையல் வாயு சிலிண்டரையே பாருங்கள். உள்ளே 14.2 கிலோ. அது எரிந்து தீரும்போது சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. 14 எப்படி 42 ஆயிற்று என்று திகைக்க வேண்டாம். எரியும்போது கரி, காற்றிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக்கொள்கிறது, எடை கூடிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய நம் தாய்மார்களுக்குச் சிலிண்டர் ஒரு வரப்பிரசாதம். நிலக்கரி எரிக்கும் மின்சார நிலையங்களும், ஆலைகளும், வாகனங்களும் சேர்த்து விடுகிற புகைக்கு முன்னால் நம் அடுப்பு எம்மாத்திரம்? வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கிற முயற்சிகள் எல்லாம் இந்தக் கணக்கைக் குறைப்பதற்காகத்தான்.

2024-ல் பூமியின் சராசரி உஷ்ணம், ஆலைகள் பெருகுவதற்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்ஷியஸ் அதிகம். ஒன்றரை டிகிரி ஒரு பெரிய விஷயமா? தாய்மார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 98.4 இருக்க வேண்டிய குழந்தைக்கு அதே அளவு ஏறினால் உஷ்ணமானி 101 காட்டும். நாம் அன்றிரவு தூங்குவோமா? இருபதாயிரம் வருஷங்களுக்கு முன் வட அமெரிக்காவின் பெரும் பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்த காலத்தில்கூடப் பூமியின் சராசரி இன்றையதைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு.

அலமாரியிலிருந்து வெளியே

யூனிஸ் அம்மையார் 1888-ல் காலமானார். 'உஷ்ணத்தைப் பிடிக்கும் வாயு' என்றால் எல்லாப் புத்தகங்களும் டிண்டாலின் பெயரையே சொல்லிவந்தன. 2011-ல் ரே ஸோரென்ஸன் என்ற ஓய்வு பெற்ற பெட்ரோலிய ஆராய்ச்சியாளர் பழைய விஞ்ஞான மலர் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில், ஆல்பனி மாநாட்டில் ஒரு பெண்மணியின் கட்டுரை படிக்கப்பட்டது பற்றி ஒரு குறிப்பு! டிண்டாலுக்கு மூன்று வருஷம் முந்தியது! அவர் அதைப் பிரசுரித்த பிறகே உலகம் யூனிஸ் அம்மையாரைத் திரும்பிப் பார்த்தது. பூமியில் எண்ணெய் தோண்டும் தொழிலில் இருந்தவர் கையாலேயே அது வெளிவர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அவர் கண்டதைத்தான் நாம் இன்னும் முழுவதும் காதில் வாங்கவில்லை.

கரியமில வாயு இருந்த குழாயை வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆறப் பல மடங்கு நேரம் பிடித்தது என்று சொன்னேன் அல்லவா? நம் ஆகாயமும் அப்படித்தான். இன்றைக்கே எல்லாப் புகையையும் நிறுத்தினாலும், ஏறின சூடு நாளைக்கே இறங்கிவிடாது. வெகு காலம் அப்படியே நிற்கும். அதற்கு மேல் ஏறாமல் தடுக்கலாம். அது நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த தடவை மொட்டை மாடியில் படுக்கும்போது, பக்கத்தில் குழந்தைகள் இருந்தால், மேகம் போர்வை போர்த்துகிற கதையைப் பாட்டி பாஷையிலேயே சொல்லுங்கள். அத்துடன், வெயிலில் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்துவிட்டுப் பொறுமையாக எண்களைக் குறித்துக்கொண்ட ஓர் அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள்.